பூனையைக் குளிப்பாட்டும் முன், துவட்ட நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்



இன்றைய இழை பெர்சியன் பூனை வளர்க்கும் வீடுகளுக்கு. வளர்க்காதவர்களும் படிக்கலாம். உங்கள் அடுக்ககத்தில் ஏதோ ஒரு தளத்தில் கட்டாயம் ஒன்று இருக்கும். உங்கள் பிள்ளை அதைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டும் இருக்கும்.

"டாக்டர், நீங்க மனுஷங்களுக்குப் பார்க்குறவர்தானே? பூனைக் குளியல் பத்தி உங்களுக்கு என்ன?"

நியாயமான கேள்விதான்.

பூனைக்கு வைத்தியம் சொல்வது கால்நடை மருத்துவரின் வேலை. ஆனால் பூனையைக் குளிப்பாட்டப் போய்க் கையெல்லாம் கீறலோடு வருபவரும், செல்லப் பூனையிடமிருந்து படர்தாமரை வாங்கிய குழந்தையும் வந்து உட்காருவது என் போன்றவர்களின் முன்னால்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பல வீடுகளில் பூனையை அடிக்கடி குளிப்பாட்டுகிறோம், அரைகுறையாகத் துவட்டி விட்டுவிடுகிறோம். இது பூனைக்கும் கெடுதல், வீட்டுக்கும் கெடுதல். உலர்த்துவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடியாத நாளில் குளியலே வேண்டாம். சீப்பு போதும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்?

பெர்சியன் பூனையின் முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமான முடி. அதற்கு அடியில் பஞ்சு மாதிரி அடர்ந்த மென்முடி. மேல்முடி சீக்கிரம் காய்ந்துவிடும். அடிமுடி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மேலே தடவிப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும். முடியைப் பிரித்துத் தோலைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும்.

நீளமான கூந்தல் இருப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்தலையைப் பின்னிப் போட்டால் சாயங்காலம் என்ன வாடை வரும்? பாட்டி விடுவாரா? "தலையைத் துவட்டுடி"ன்னு பின்னாலேயே துண்டோடு வருவார். பூனைக்கு உடம்பு முழுக்க அந்தக் கூந்தல். துண்டோடு வரும் பாட்டிதான் இல்லை.

அதிலும் நம் கடலோர ஊர்களின் காற்றில் எப்போதும் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் ஜீன்ஸ் பேண்ட்டே இரண்டு நாள் காயாது. பூனை மட்டும் தானாகக் காய்ந்துவிடுமா?

தோல் நெடுநேரம் ஈரத்தில் ஊறினால் அதன் பாதுகாப்பு குறையும். பூஞ்சைக்கு அதுதான் வசதி.

பூனைகளிடம் படர்தாமரையை உண்டாக்கும் முக்கியமான பூஞ்சையின் பெயர் மைக்ரோஸ்போரம் கேனிஸ். பெர்சியன் போன்ற நீளமுடிப் பூனைகளில் இது அதிகம் காணப்படுகிறது. இதில் சிக்கல் என்னவென்றால், பூனை பார்க்க நன்றாகவே இருக்கும். ஒரு சொறிகூட இருக்காது. ஆனாலும் முடியில் பூஞ்சை வித்துகளைச் சுமந்துகொண்டு திரியும். உதிர்ந்த முடியோடு அந்த வித்துகள் மெத்தையிலும் சோபாவிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும்.

குழந்தைக்கு வந்தால் எப்படித் தெரியும்?

கையிலோ கழுத்திலோ வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, அரிக்கும். தலையில் வந்தால் வட்டமாக முடி கொட்டி, செதில் செதிலாக இருக்கும்.

தலையில் வந்த படர்தாமரைக்குக் களிம்பு மட்டும் போதாது. வாய்வழி மருந்து தேவை. மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு கிரீம் குடுங்க" என்று வாங்காதீர்கள். அப்படி வாங்கும் பல கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாள் அரிப்பு அடங்கும். பூஞ்சை உள்ளே சந்தோஷமாகப் பரவும். பிறகு அது என்ன நோய் என்று கண்டுபிடிப்பதே கஷ்டமாகிவிடும்.

சரி, "குளிப்பாட்டாவிட்டால் நாறாதா டாக்டர்?"

ஆரோக்கியமான பூனை நாறாது. விழித்திருக்கும் நேரத்தில் ஒரு பகுதியை அது தன்னை நக்கிச் சுத்தம் செய்வதில் செலவழிக்கும். நாற்றம் வந்தால் வாயையும் காதையும் பின்புறத்தையும் பாருங்கள். பல் நோய், காதில் சீழ், முடியில் ஒட்டிய மலம் என்று ஏதாவது இருக்கும். ஷாம்பூ அதை மறைக்கும், தீர்க்காது.

"பையனுக்கு வீசிங் இருக்கு. அதனாலதான் வாராவாரம் குளிப்பாட்டுறோம்."

இதையும் அடிக்கடி கேட்கிறேன். பூனை அலர்ஜிக்கு முக்கியக் காரணம் முடி கிடையாது. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உருவாகும் ஃபெல் டி 1 என்ற புரதம். குளிப்பாட்டினால் அதன் அளவு குறையும், உண்மைதான். ஆனால் சில நாட்களிலேயே பழைய அளவுக்கு வந்துவிடும். பூனைக் குளியலை நம்பிப் பையனின் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். படுக்கையறைக்குள் பூனையை விடாமல் இருப்பது முதல் வேலை. ஆஸ்துமா அடங்கவில்லை என்றால், பூனை அந்த வீட்டில் இருக்கலாமா என்பதையே மருத்துவரோடு பேச வேண்டும்.

அப்படியானால் எப்போதுதான் குளிப்பாட்டுவது?

உடம்பில் அழுக்கோ எண்ணெயோ பட்டால், முடி பிசுபிசுத்தால், அல்லது கால்நடை மருத்துவர் மருந்து ஷாம்பூ எழுதிக் கொடுத்தால். மற்றபடி மாதம் ஒருமுறை என்பதே பெரும்பாலான வீட்டுப் பூனைகளுக்குத் தாராளம். ஆனால் சீப்பு தினமும் வேண்டும்.

செய்வதென்றால் முறையாகச் செய்யுங்கள்.

முதலில் சீவுங்கள். சிக்கோடு தண்ணீர் பட்டால் சிக்கு இறுகிக் கட்டியாகிவிடும். இறுகிய சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். பூனையின் தோல் மெல்லியது, சிக்கோடு சேர்ந்து மேலே எழும்பி வரும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள். கால்நடை மருத்துவமனையில் மெஷினால் எடுப்பார்கள்.

நகத்தின் நுனியை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். உங்கள் கைக்கு அதுதான் காப்பீடு.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். பூனையின் உடல் வெப்பநிலை சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நமக்குச் சுகமான தண்ணீர் அதற்குக் கொஞ்சம் குளிர்தான். முகத்தில் ஊற்றாதீர்கள். தட்டையான மூக்கு, தண்ணீர் சட்டென்று உள்ளே போகும். முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பூனைக்கான ஷாம்பூ மட்டும். நாய்க்கு வாங்கிய உண்ணி ஷாம்பூ வேண்டவே வேண்டாம். அதில் பெர்மெத்ரின் இருந்தால் வலிப்பு வந்து பூனை இறந்துபோகலாம். தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கும் வீட்டுக் கிருமிநாசினியும் கூடாது. இது போன்ற பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. பாராசிட்டமால் பூனைக்கு விஷமாவதும் இதே காரணத்தால்தான். மேலே பட்டதைப் பூனை நக்கும் என்பதை மறக்காதீர்கள்.

இனி முக்கியமான பகுதி, உலர்த்தல்.

மூன்று டர்க்கி டவலாவது எடுத்து வையுங்கள். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் முடி சிக்காகும். ஒரு டவல் நனைந்ததும் அடுத்தது.

பிறகு ஹேர் டிரையர். குளியலறைக்குள் வேண்டாம், ஈரக் கையோடும் வேண்டாம். கரண்ட் ஷாக் அடித்தால் பூனையைப் பிடித்திருக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான். சூட்டைக் குறைத்து, ஒரு அடிக்குமேல் தள்ளிப் பிடித்து, உங்கள் கையைக் காற்றின் வழியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்குச் சுட்டால் பூனைக்கும் சுடும். இன்னொரு கையால் முடியை வேரிலிருந்து பிரித்துச் சீவிக்கொண்டே போங்கள்.

அக்குள், வயிறு, காதுக்குப் பின்புறம், பின்னங்கால் இடுக்கு. இந்த நான்கு இடங்களில்தான் ஈரம் ஒளிந்திருக்கும். அங்கே விரல் விட்டுத் தோலைத் தொட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்றால்தான் குளியல் முடிந்தது.

டிரையர் சத்தத்துக்குப் பூனை மிரண்டால் வற்புறுத்தாதீர்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். அது ஆபத்தின் அறிகுறி.

மத்தியான வெயிலில் மொட்டை மாடியில் காய விடாதீர்கள். தட்டை மூக்குப் பூனைக்கு வெப்பத்தைத் தாங்கும் சக்தி குறைவு. ஈரத்தோடு ஏசி அறையிலும் விடாதீர்கள். நம் வீட்டுப் பழக்கத்தில் சாம்பிராணி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புகை பூனையின் மூச்சுக்குழாய்க்கு ஆகாது.

இவ்வளவு செய்தும் கீறிவிட்டதா?

மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்து 15 நிமிடம்.

பிறகு மருத்துவரிடம் போங்கள். "வீட்டுப் பூனைதானே டாக்டர்" என்று வேண்டாம். ரேபிஸ் நாயால் மட்டும் வருவதில்லை, பூனையாலும் வரும். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழி ஏறக்குறைய இல்லை. ரத்தம் வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. ரத்தம் வந்த கீறல், கடி என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படலாம். பூனைக்குத் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி கட்டணமில்லாமல் போடப்படுகிறது.

பூனை கடித்தால் இன்னும் கவனம். ஊசி போன்ற பல். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கிருமி ஆழத்தில் இறங்கியிருக்கும். ஒரே நாளில் கை வீங்கிச் சிவக்கலாம். ஆன்டிபயாடிக் தேவையா என்று அன்றே காட்டிக் கேளுங்கள்.

நீளமுடிப் பூனை வாங்குபவர்கள் பூனையின் விலையை விசாரிக்கிறார்கள், தீவனத்தின் விலையை விசாரிக்கிறார்கள். தினமும் சீவப் பத்து நிமிடமும், குளித்த நாளில் உலர்த்த ஒன்றரை மணி நேரமும் வீட்டில் யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பதில்லை. பெரும்பாலும் அது அம்மாவின் தலையில்தான் விழுகிறது. குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே இதைப் பேசி முடிவு செய்யுங்கள். அந்த நேரம் யாரிடமும் இல்லை என்றால் குட்டைமுடி நாட்டுப் பூனையை எடுத்து வளருங்கள். அதுவும் அதே அன்போடு மடியில் வந்து படுக்கும்.

ஏற்கனவே பெர்சியன் இருக்கிறதா? இன்றைக்கே அதன் அக்குள் முடியைப் பிரித்துப் பாருங்கள். சிக்கு, ஈரம், வட்டச் சொட்டை என ஏதாவது இருந்தால் ஷாம்பூவைத் தேடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனைகள் உள்ளன.

போகும்போது பூனைக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டு எத்தனை நாள் ஆகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.