ஹோட்டல் அறையைத் துப்புரவு செய்வது யார்?

விடுமுறைக்கு ரொறன்ரோ நகரத்துக்குப் போகிறீர்களா? முடிந்தால் ஓர் இரவாவது நகர நடுவில் உள்ள ஒரு பெரிய ஹோட்டலில் தங்கிப் பாருங்கள். காசு அதிகம்தான். ஆனால் காலையில் எழுந்து காரில் ஏற வேண்டியதில்லை. நடந்தே எல்லாம் பார்க்கலாம்.

ரோயல் யோர்க் ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். ஒரு ரயில் நிறுவனம் அதைக் கட்டி 1929ஆம் ஆண்டு திறந்தது. 28 மாடிகள். அந்தக் காலத்தில் ரொறன்ரோவிலேயே மிக உயரமான கட்டடம் அதுதான். ரயிலால் இறங்கித் தெருவைக் கடந்தால் ஹோட்டல் வாசல்! இன்றும் யூனியன் ரயில் நிலையம் அதற்கு நேர் எதிரேதான் இருக்கிறது. அங்கிருந்து 553 மீட்டர் உயரமான சி.என். கோபுரத்துக்கு நடந்து போகலாம். கோபுரத்தின் கண்ணாடித் தரையில் நின்று கீழே பார்த்தால் கால் கூசும். பக்கத்திலேயே மீன் காட்சியகம். அங்கே உங்கள் தலைக்கு மேலே சுறா நீந்தும். நிலத்துக்கு அடியிலும் கடைகளோடு சுமார் 30 கிலோமீட்டர் நீளமான நடைபாதை இருக்கிறது. ஜனவரி மாதத்திலும் அதற்குள் ஜக்கெற் இல்லாமல் நடக்கலாம். (நான் அதில் வழி தவறாத நாளே இல்லை.)

சரி, நான் சொல்ல வந்தது வேறு.

ஊர் சுற்றிவிட்டு நீங்கள் திரும்பி வரும்போது அறை பளிச்சென்று இருக்கும். யார் செய்தது? அவரை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். என் அம்மா கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு ஹோட்டலில் அந்த வேலைதான் செய்தார். ஒரு நாளைக்கு 15 அறைகள். ஓர் அறைக்கு அரை மணித்தியாலம். யாராவது தரைக் கம்பளத்தில் சிப்ஸைக் கொட்டி மிதித்து வைத்திருந்தால், அந்த ஓர் அறைக்கே ஒரு மணித்தியாலம் போய்விடும். மற்ற அறைகளும் காத்திருக்கும். அன்றைக்கு அம்மா மத்தியானம் சாப்பிடமாட்டார்.

“காசு குடுத்துத்தானே தங்கிறம்? அவைக்குச் சம்பளம் இருக்குத்தானே?” என்று என் அக்காவின் மகன் கேட்டான். சம்பளம் இருக்கிறதுதான். ஆனால் நாங்கள் கூடக் குப்பை போட்டால் அந்தச் சம்பளம் கூடாது. வேலை மட்டும்தான் கூடும்.

அதனால் நனைந்த துவாய்களை ஒரே இடத்தில் போடுங்கள். குப்பையைத் தொட்டிக்குள் போடுங்கள். மேசையில் சில டொலர் வைத்தால், பக்கத்தில் ‘நன்றி’ என்று ஒரு துண்டும் எழுதி வைக்கச் சொல்லி அப்பாவிடம் கேளுங்கள். துண்டு இல்லாவிட்டால், யாரோ மறந்துவிட்டுப் போன காசு என்று நினைத்து அம்மா தொடவே மாட்டாராம்.

போன வருடம் அம்மாவை ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். விருந்தினராக அவர் ஹோட்டலில் தங்கியது அதுதான் முதல் தடவை. புறப்படும் நாள் காலை, நான் பல் தீட்டிவிட்டு வந்து பார்க்கிறேன்: அம்மா தலையணை உறைகளை எல்லாம் கழற்றிக் குவித்துவிட்டார். மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கி விரிப்பை இழுத்துக்கொண்டு நிற்கிறார்.

“அம்மா, விடுங்கோ! அவை வந்து செய்வினம்” என்றேன்.

“இந்தப் பெரிய மெத்தையை ஒரு ஆள் தனியத் தூக்கிறதே? நாரி முறிஞ்சு போகும். வா, மற்றப் பக்கத்தைப் பிடி” என்றார்.