மனிசர் தொடாத இடமாம்!

நாலு நண்பர்கள், நாலு சைக்கிள், சிவந்த பாறை, கீழே கிடுகிடு பள்ளம். வைற் றிம் றோட்டில் சைக்கிள் ஓடுற வீடியோக்கள் அநேகமா இப்பிடித்தான் தொடங்குது. கொஞ்ச நேரத்தில் ஒராள் கமராவைப் பார்த்துச் சொல்லுவார்: “மனிசரே தொடாத இடம்!”

சும்மா சொல்லக்கூடாது, வடிவான இடம்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கனியன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் ஏறக்குறைய 160 கிலோமீற்றர் மண் றோட்டு. வழியில் குடிதண்ணி கிடையாது. மூண்டு நாலு நாளுக்குத் தேவையானதைக் கொண்டுதான் போகவேணும். அந்தப் பாட்டை நான் குறைச்சுச் சொல்லேல்ல. ஆனால் மனிசர் தொடாத இடத்துக்குள்ள றோட்டு எப்பிடி வந்தது?

1950களில் அணுகுண்டுக்கு யுரேனியம் தேடப் போட்ட றோட்டு அது. பூங்கா 1964இல்தான் வந்தது. மேட்டிலிருந்து சைக்கிள்கள் வளைஞ்சு வளைஞ்சு இறங்கும் ஷேபர் பாதை அதுக்கும் முந்தியது. முதலில் பழங்குடி மக்கள் நடந்த பாதை, பிறகு மாடு சாய்ச்ச பாதை, பிறகு லொறிப் பாதை. பயணக்காரர் வந்து இறங்கும் மோவாப் ஊருக்குப் பக்கத்தில், கொலராடோ ஆற்றங்கரையிலேயே, யுரேனிய ஆலை விட்டுப்போன கழிவு 1 கோடி 60 லட்சம் தொன். அதை ரயிலில் ஏற்றி அகற்றத் தொடங்கினதே 2009இல்தான்.

தெற்கே நவாஹோ மக்களின் நிலத்தில் கதை இன்னும் மோசம். காற்றோட்டம் இல்லாத சுரங்கங்களில் வேலை செய்தவர்களுக்கு, அந்தத் தூசும் வாயுவும் உடம்பை என்ன செய்யும் எண்டு ஆரும் சொல்லேல்ல. பலர் நுரையீரல் புற்றுநோயில் செத்தார்கள். நட்டஈட்டுச் சட்டம் வர 1990 ஆனது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் 500க்கு மேல் இன்னும் அங்கே கிடக்குது.

“சந்தோசமா ஊர் சுத்தப் போன பெடியளிட்ட வரலாற்றுப் பாடமோ கேக்கிறாய்?” எண்டு கேப்பியள். ஓம், கேக்கிறன். “ஆளில்லாத நிலம்” எண்டது வெறும் வர்ணனை இல்லை. ஆளில்லை எண்டால் தோண்ட ஆரையும் கேக்கத் தேவையில்லை. கழிவைக் கொட்டினாலும் ஏன் எண்டு கேக்க ஆக்களில்லை. நீங்கள் அழகுக்காகச் சொல்லுற வசனம், தோண்ட வாறவனுக்கு அனுமதிச்சீட்டு.

சைக்கிளை விடச் சொல்லேல்ல. ஜீப்பில் பறக்கிறவருக்குத் தெரியாத ஒவ்வொரு மேடும் பள்ளமும் உங்கட முழங்காலுக்குத் தெரியும். அப்ப, வீடியோவில் ஒரு நிமிசத்தைக் கூட்டுங்கோ. இந்த றோட்டை ஆர் போட்டது, ஏன் போட்டது எண்டு சொல்லுங்கோ. அதால வடிவு ஒண்டும் குறைஞ்சு போகாது.