வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து ஜோடி

“இந்த வருஷத்துக்குள்ள நீ சரளமா இங்கிலீஷ் பேசணும்.” மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பெற்றோர் இப்படிச் சொல்வதில் அன்பு இருக்கிறது, கவலையும் இருக்கிறது. இலக்கு மட்டும் இல்லை. அங்கே போய்ச்சேர இன்று சாயங்காலம் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

எட்டு வயதுக்கு எட்டுகிற இலக்கு எப்படி இருக்கும்? ஆங்கிலத்தில் பன்றிக்கு ஒரு சொல், ‘பெரிய’ என்பதற்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பிக்’தான். நம்முடைய ஒரே பகரம் இரண்டு ஒலிகளையும் சுமக்கிறது. அதனால் பிள்ளைகள் இங்கே தடுமாறுவது இயல்பு. மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, பன்றிக்கான சொல்லைக் காற்று வெடிக்கச் சொன்னால் காகிதம் துள்ளும். மற்றதற்கு அது அநேகமாக அசையாது. “வெள்ளிக்கிழமைக்குள் இப்படி ஐந்து ஜோடிச் சொற்கள்” என்றால், அது இலக்கு. சரியா தப்பா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. காகிதமே சொல்லிவிடும்.

1981இல் உளவியலாளர்கள் ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்க்கும் வெளியிட்ட ஆய்வு கழித்தல் கணக்கைப் பற்றியது. ஆனாலும் ஆங்கில ஆசிரியர்களுக்கு அதில் பாடம் உண்டு. கணக்கில் பின்தங்கிய, அதில் நாட்டமும் இல்லாத பிள்ளைகளுக்கு 7 அமர்வுகளில் 42 பக்கப் பயிற்சி. ஒரு பிரிவினரிடம் ‘அமர்வுக்கு 6 பக்கம்’ என்றார்கள்; இன்னொரு பிரிவினரிடம் ‘கடைசிக்குள் 42 பக்கம்’ என்றார்கள். பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் ஆறாறாகப் போன பிள்ளைகள்தான் கூடுதலாகக் கற்றார்கள். ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை வந்தது, கணக்கே பிடித்துப்போனது.

பக்கத்து வீட்டுப் பையனை முந்துவதை இலக்காக வைப்பது வேறு விஷயம். தப்பாகச் சொன்னால் பின்தங்கியது தெரிந்துவிடுமே என்று பிள்ளை வாயையே திறக்காது. வாயைத் திறக்காமல் எந்த மொழி வரும்?

2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், வகுப்பை மட்டும் பார்க்காமல், பிள்ளை எட்டியிருக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறது. ஆங்கிலத்துக்கும் அப்படித்தான். நல்ல ஏற்பாடு. “இன்னும் அரும்புலயேவா இருக்கே?” என்று வீட்டில் கேட்டுவிட்டால் போதும், அதுவும் ரேங்க் கார்டு ஆகிவிடும்.

வெள்ளிக்கிழமை மூன்று ஜோடிதான் வந்ததா? அந்த மூன்றையும் பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் காட்டட்டும். மீதி இரண்டு அடுத்த வெள்ளிக்கு. காகிதத் துண்டு பையிலேயே இருக்கட்டும்.