தண்ணீரில் சாது, குடலில் கொடியது



வீட்டில் முதலில் ஒருவருக்குக் காலரா கண்டால், ஓரிரு நாட்களில் அவரைக் கவனித்துக்கொண்டவர்களும் படுத்துவிடுகிறார்களே, ஏன்? எல்லோரும் ஒரே தண்ணீரைக் குடித்தார்கள் என்பது மட்டும் இதற்கு விடையாகாது. அக்கிருமியின் குணமறிந்தால்தான் முழு விடை கிடைக்கும்.

ஆறும் கடலும் கலக்கும் கழிமுகங்களின் உவர்நீரே இக்கிருமியின் இருப்பிடம். இறால் இனத்தைச் சார்ந்த மிகச் சிறிய மிதவை உயிர்களின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு, அந்த ஓட்டையே உணவாக்கி அது வாழ்கிறது. அங்கே அதற்கு நஞ்சு தேவையில்லை, சுரந்தால் வீண்செலவுதான்.

மனித வயிற்றில் அதற்கு முதலில் எதிர்ப்படுவது இரைப்பை அமிலம். உட்சென்ற கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. (நெஞ்செரிச்சலுக்கென அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமலே நாள்தோறும் விழுங்குவோர் இதைக் கவனிப்பார்களாக!) தப்பியவை சிறுகுடலை அடைகின்றன. தாம் வந்து சேர்ந்த இடம் எதுவென அவை அறிந்துகொள்ளும் விதம் வியப்புக்குரியது. கிருமியின் உறையில் பதிந்துள்ள டாக்ஸ்-ஆர் என்னும் புரதமும் அதன் துணைப் புரதங்களும் பித்தநீர் போன்ற அடையாளங்களை உணர்ந்து, டாக்ஸ்-டி என்னும் வேறொரு புரதம் உருவாகக் கட்டளையிடுகின்றன. குடற்சுவரை நெருங்க நெருங்க, அங்குள்ள பைகார்பனேட் உப்பு டாக்ஸ்-டியின் வேகத்தைக் கூட்டுகிறது. குடலில் திரண்டு தங்குவதற்கான இழைகளும் காலரா நஞ்சும் அதன் ஆணையால் ஒருசேர உருவாகின்றன.

அப்படியொரு நஞ்சு உண்டென்பதை 1959இல் கல்கத்தாவில் நிரூபித்தவர் சம்புநாத் டே. கிருமிகளை வடிகட்டி நீக்கிய பின் எஞ்சிய திரவமே முயலின் குடலில் நீரைப் பெருகச் செய்வதை அவர் காட்டினார். அவருடைய பெயரை நம் பிள்ளைகள் அறியாதிருப்பது எனக்கு வருத்தமே. குடற்செல்லில் புகும் இந்நஞ்சு, நீரை வெளியேற்றும் மடையை மூடவியலாதபடி திறந்துவிடுகிறது. நோய் கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறும்.

இந்த நஞ்சுக்குரிய மரபணுவோ கிருமியின் சொந்தச் சொத்தன்று! பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்த சீதனம் அது என்று 1996இல் மாத்யூ வால்டரும் ஜான் மெக்கலானசும் வெளியிட்டனர். மேலுறையை மாற்றிக்கொள்ளவும் இக்கிருமி தயங்காது. 1992இன் இறுதியில் நம் சென்னையில் தலைகாட்டிய ஓ-139 என்னும் வகை, உறை மாறிய காரணத்தால், பழைய வகைக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் விட்டுவைக்கவில்லை. வங்கதேசத்திலும் அது பெரும் நாசம் விளைவித்தது.

இனி நம் கேள்விக்கு வருவோம். இக்கிருமிகள் ஒன்றுக்கொன்று வேதிச் சைகை அனுப்பித் தம் எண்ணிக்கையை அறிகின்றன. கூட்டம் பெருகிவிட்டால் நஞ்சு சுரப்பதை நிறுத்தி, குடற்சுவரை விட்டு அகன்று, கழிவோடு வெளியேற ஆயத்தமாகின்றன. அவ்வாறு அப்போதுதான் வெளிவந்த கிருமிகள், ஆய்வுக்கூடத்தில் வளர்த்தவற்றைவிடப் பன்மடங்கு எளிதில் தொற்றுவதை, வங்கதேச நோயாளிகளின் கழிவையும் எலிக்குட்டிகளையும் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2002இல் தெரிவித்தது. இந்த வேகம் நீரில் கலந்த பின்னும் சில மணி நேரம் நீடிக்கிறது. ஆகவே குளத்தில் நெடுங்காலம் கிடக்கும் கிருமியைவிட, நோயாளியின் படுக்கைத் துணியில் இப்போதுதான் ஒட்டிய கிருமியே வீட்டாருக்குப் பெரும் ஆபத்து.

எனவே அத்துணிகளைக் குளத்திலோ கிணற்றடியிலோ அலசாதீர்கள். கொதிநீரிலோ குளோரின் நீரிலோ ஊறவையுங்கள். நோயாளியைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் சமையலறைக்குள் செல்ல வேண்டாம். இந்நோயால் இறந்தவரின் மய்யித்தைக் குளிப்பாட்டுவோர் கையுறை அணிந்து, குளோரின் நீரைப் பயன்படுத்துவதோடு, அன்று விருந்தினருக்குச் சமைக்கும் பொறுப்பைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும்.

நஞ்சு எத்தனை கொடியதாயினும், சர்க்கரையோடு சேர்த்து உப்பையும் நீரையும் உள்ளிழுக்கும் குடலின் வழியை அதனால் அடைக்க முடிவதில்லை. 1971இல் பங்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்புச்சர்க்கரைக் கரைசலை வாய்வழி கொடுத்தபோது, நூற்றுக்கு 30 வரை இருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கியது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிடில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, முதல் வயிற்றுப்போக்கிலிருந்தே கொடுக்கத் தொடங்குங்கள். வாந்தி எடுத்தாலும் நிறுத்தாமல் பத்து நிமிடம் பொறுத்து, சிறிது சிறிதாகப் புகட்டிக்கொண்டே மருத்துவமனைக்கு வண்டி தேடுங்கள்.