49 ஓட்டில் நழுவிய ராதாபுரம்... தோத்தவங்க என்ன செஞ்சாங்க?

நெல்லை:

தேர்தல் ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் நெல்லை டவுன் டீக்கடைகளில் ரெண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஜெயித்த கட்சிக்காரர் பேப்பரை விரித்து சத்தமாக வாசிப்பார். தோற்ற கட்சிக்காரர் டீயை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய்விடுவார். "என்னவே அண்ணாச்சி, சத்தத்தையே காணோம்?" என்று யாராவது சீண்டினால், "இனி நாடு வெளங்காதுவே" என்று பேச்சை முடித்துவிடுவார்.

தோற்றது கட்சியா, நாடா? கோபத்தில் ரெண்டும் ஒன்றாகத்தான் தெரியும். 2021 ஜனவரி 6-ந்தேதி அமெரிக்காவில் தேசியக் கொடியைப் பிடித்துக்கொண்டே பாராளுமன்றக் கட்டிடத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியவர்களும் தங்களை தேசபக்தர்கள் என்றுதான் சொன்னார்கள்.

ஆனால் அவர்களுக்கு இருந்ததைவிட வலுவான காரணம் நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில் ஒரு தொகுதிக்கு இருந்தது. அதுதான் ராதாபுரம்.

50-க்கு ஒண்ணு குறைச்சல்

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் அ.தி.மு.க. வேட்பாளர் இன்பதுரை 69,590 ஓட்டு வாங்கினார். தி.மு.க. வேட்பாளர் அப்பாவுக்கு 69,541. வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு வரிசைக்கு உட்காரும் கூட்டம்தான்.

(இதைவிட மோசமும் உண்டு. 2008-ல் ராஜஸ்தானில் காங்கிரஸ் தலைவர் சி.பி.ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அடுத்த ஆண்டே பாராளுமன்றத் தேர்தலில் ஜெயித்து மத்திய மந்திரி ஆனார் என்பது தனிக்கதை.)

ராதாபுரத்தில் வயிற்றெரிச்சல் 49-ல் இல்லை. 203-ல் இருந்தது. 203 தபால் ஓட்டுகள் செல்லாது என்று ஒதுக்கப்பட்டன. காரணம், தபால் ஓட்டு போடுபவரின் உறுதிமொழிப் படிவத்தில் கெஜட்டடு அதிகாரி கையெழுத்து வேண்டும். இந்தப் படிவங்களில் பள்ளிக்கூட தலைமை ஆசிரியர்கள் கையெழுத்து போட்டிருந்தார்கள். அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

தபால் ஓட்டு போடுவது யார்? ஊரெல்லாம் ஓட்டு போடவேண்டும் என்பதற்காக தேர்தல் வேலைக்குப் போன ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும்தான். முந்தின நாளே மெஷினைத் தூக்கிக்கொண்டு முன்பின் தெரியாத ஊருக்குப் போய், பள்ளிக்கூட பெஞ்சில் படுத்து எழுந்து, அடுத்தவர் விரலில் மை வைத்தவர்கள். அவர்கள் ஓட்டு, கையெழுத்து சரியில்லை என்று குப்பைக்குப் போனால் எப்படி இருக்கும்!

கல் எறியவில்லை, கேஸ் போட்டார்

அப்பாவு ஐகோர்ட்டில் தேர்தல் வழக்கு போட்டார். மறு எண்ணிக்கை வேண்டும் என்பதே கோரிக்கை. இந்த மாதிரி வழக்கை முடிந்தவரை 6 மாதத்தில் முடிக்கவேண்டும் என்கிறது 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ராதாபுரம் வழக்கில் தீர்ப்பு வந்தது 2019 அக்டோபர் 1-ந்தேதி. மூன்று வருஷம் தாண்டிவிட்டது!

தலைமை ஆசிரியர் கையெழுத்து செல்லும் என்று கூறிய நீதிபதி ஜி.ஜெயச்சந்திரன், அந்த 203 தபால் ஓட்டுகளையும், 19, 20, 21-வது சுற்று மெஷின் ஓட்டுகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டார். அக்டோபர் 4-ந்தேதி ஐகோர்ட்டு வளாகத்திலேயே எண்ணினார்கள். ஆனால் இன்பதுரை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக, முடிவை வெளியிடத் தடை வந்தது. அப்படியே 5 வருஷமும் ஓடிப்போச்சு.

கோர்ட்டில் தாமதமானது சரியா என்றால், சரியில்லை. அப்பாவுக்கு ஓட்டு போட்டவர்களுக்கு மட்டும் இல்லை, இன்பதுரைக்கு ஓட்டு போட்டவர்களுக்கும் அது அநியாயம்தான். ஜெயித்தவர் தலைக்கு மேல் 5 வருஷமும் ஒரு சந்தேகம் தொங்கிக்கொண்டிருந்ததே!

ஆனாலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தோற்ற பக்கம் 69,541 பேர் இருந்தார்கள். இவ்வளவு நடந்தும் இனி ஓட்டே வேண்டாம் என்று யாரும் தொகுதியைப் பூட்டிவிடவில்லை. 2021-ல் அதே ரெண்டு பேரும் மறுபடி நேருக்கு நேர் நின்றார்கள். இந்தமுறை அப்பாவு 5,925 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து, சபாநாயகராகவும் ஆனார். தோற்ற இன்பதுரையும் ஒதுங்கிவிடவில்லை. 2025-ல் மேல்-சபை எம்.பி. ஆகி டெல்லிக்குப் போனார்.

காமராஜருக்கே நடந்தது

இந்தப் பக்கத்துக்கு இது புதுசு அல்ல. தாமிரபரணியின் துணை ஆற்றில் மணிமுத்தாறு அணை கட்டிய ஆட்சியின் முதல்வர் காமராஜரே, 1967-ல் சொந்த ஊரான விருதுநகரில் மாணவர் தலைவர் சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றவர்தான். ரெண்டே வருஷத்தில், 1969 நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஒரு லட்சத்துக்கும் அதிக வித்தியாசத்தில் மக்களிடம் ஓட்டு கேட்டு ஜெயித்து பாராளுமன்றம் போனார்.

1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்தபோது நெல்லை கொந்தளித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 4 பேர் செத்தார்கள். அவர்களுக்கு ஆட்சியை மாற்ற ஓட்டு என்று ஒரு வழியே கிடையாது. தோற்றுப்போகும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

தண்ணிக்கு 16 வருஷம்

ராதாபுரத்துக்காரருக்கு காத்திருப்பது பழகிப்போன விஷயம். தாமிரபரணியில் வெள்ளமாகப் போய் கடலில் கலக்கும் தண்ணீரை ராதாபுரம், நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் திருப்பிவிட கருமேனியாறு-நம்பியாறு இணைப்புத் திட்டத்துக்கு 2009 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். வெள்ளாங்குளி பக்கம் கன்னடியன் கால்வாயில் இருந்து எம்.எல்.தேரி வரை சுமார் 75 கிலோ மீட்டர். திறந்து வைத்தது 2025 பிப்ரவரியில்.

இதற்கு இடையில் 4 பாராளுமன்றத் தேர்தல், 3 சட்டமன்றத் தேர்தல் வந்துபோயின. ஆட்சி ரெண்டு தடவை கைமாறியது. ஒவ்வொரு தேர்தலிலும் தொகுதியில் பாதிப்பேருக்கு ஏமாற்றம்தான். அந்தப் பாதியும் இந்தப் பாதியும் கேட்டது என்னமோ ஒரே தண்ணியைத்தான்.

அந்த 203 பேர் கதைதான் பாக்கி. 2016-ல் அவர்கள் போட்ட ஓட்டு யார் கணக்கில் சேர்ந்தது என்பது அந்தச் சட்டசபையின் ஆயுள் முடியும்வரை வெளியே வரவில்லை.