மடிக்கணினி வாங்கப் புறப்படுமுன்

கல்லூரிகள் திறக்கும் பருவம் வந்துவிட்டால், நம் சங்கத்து அன்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "குழந்தைக்கு மடிக்கணினி வாங்க வேண்டும், எதை வாங்கலாம்?" என்பதே அது. "அதைக் கொண்டு என்ன வேலை செய்ய வேண்டும்?" என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். பெரும்பாலோர் இதற்கு விடையாக ஒரு தொகையைச் சொல்கிறார்கள். ஐம்பதாயிரம் என்பார் ஒருவர். எழுபது வரை போகலாம் என்பார் மற்றொருவர். வேலை இன்னதென்று தீர்மானியாமல் தொகையை மட்டும் தீர்மானித்துக்கொண்டு கடைக்குள் நுழைபவர், அத்தொகைக்குக் கடைக்காரர் எதை விற்க விரும்புகிறாரோ அதைச் சுமந்துகொண்டு திரும்புகிறார்.

தில்லி கரோல் பாகில் வசிக்கும் அன்பர் ஒருவரின் அனுபவத்தை, அவருடைய சம்மதத்துடன் இங்கே எழுதுகிறோம். அவர் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கர். மூத்த பெண் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் கல்லூரியில் சேர்ந்தபோது ரூ. 24,000 கொடுத்து ஒரு மடிக்கணினி வாங்கினார். விலை மலிவு, பெட்டி புதிது, விண்டோஸ் 11 உள்ளது, வேறென்ன வேண்டும் என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. அதன் நினைவகம் 4 ஜி.பி.; சேமிப்பகம் 64 ஜி.பி. விண்டோஸ் 11 இயங்குவதற்கு மைக்ரோசாஃப்ட் விதித்துள்ள குறைந்தபட்ச அளவுகள் இவைதாம். குறைந்தபட்சம் என்பது ஜி.டி. எக்ஸ்பிரஸின் பொதுப் பெட்டியில் ஏற இடம் கிடைப்பது போன்றது. ஏறியாயிற்று என்று சொல்லிக்கொள்ளலாமே ஒழிய, சென்னை வரை உட்கார முடியாது.

எட்டு மாதங்களில், விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளக்கூட அதில் இடமில்லாமற் போயிற்று. கல்லூரியில் கட்டுரை சமர்ப்பிக்க வேண்டிய இரவில் அது அசையாமல் நின்றுவிட்டது. அந்தப் பெண் தன் தோழியின் இல்லம் சென்று மறுபடியும் எழுதி, மறுநாள்தான் கொடுக்க முடிந்தது. தாமதத்திற்காக மதிப்பெண் குறைந்தது. இப்போது தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்திருந்த ரூ. 55,000-ஐ எடுத்து இரண்டாவது மடிக்கணினி வாங்கத் தீர்மானித்தார்கள். "இம்முறையும் தவறிவிட்டால் மூன்றாவது வாங்க எனக்குச் சக்தியில்லை, அண்ணா. நீங்களும் உடன் வர வேண்டும்" என்றார் அன்பர். ஒரு சனிக்கிழமை மூவருமாக நேரு பிளேஸுக்குச் சென்றோம்.

முதற் கடையிலேயே, விளையாட்டுகளுக்கென்று உருவாக்கப்பட்ட ஒரு மடிக்கணினியை எடுத்து வைத்தார்கள். விலை ரூ. 92,000. விசைப்பலகைக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக ஒளி வீசிற்று. முன்பு மலிவை வாங்கி வருந்தியவருக்கு, விலை உயர்ந்ததை வாங்கினால் கவலை தீரும் என்ற மயக்கம் எளிதில் உண்டாகும். "வட்டியில்லாத் தவணை" என்ற சொல்லும் சேர்ந்ததும் அன்பர் அசையத் தொடங்கிவிட்டார்.

இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டியே இல்லாத கடன் என்பதாக நுகர்பொருள்களுக்குக் கடன் வழங்கும் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. இன்று கடன் அட்டையில் நடப்பது யாதெனில், வங்கி வட்டியை வசூலிக்கிறது. விற்பவர் அதற்கு ஈடான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார். அந்த வட்டியின்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், சில வங்கிகளில் பரிசீலனைக் கட்டணமும் நம் தலையில் விழுகின்றன. இவை பெருந்தொகை அல்ல. ஆயினும் தவணையின் உண்மையான தீங்கு வேறு: ரூ. 55,000 உள்ள குடும்பத்தை ரூ. 92,000 உள்ள குடும்பமாக அது எண்ண வைத்துவிடுகிறது.

வெளியே வந்து தேநீர் அருந்தியவாறே, அந்தப் பெண்ணிடம் அவளுடைய ஒரு நாளைய வேலைகளைச் சொல்லச் சொன்னோம். "டாலி கற்றுக்கொள்ள வேண்டும், மாமா. எக்ஸெல் தினமும் உண்டு. கட்டுரைகள் எழுத வேண்டும். சில வகுப்புகள் இணையத்தில் நடக்கும். கல்லூரிக்கு எடுத்துப் போனால் வகுப்பில் மின்சாரம் செருக இடம் கிடைக்காது" என்றாள். ஐந்து வாக்கியங்களில் அவளுடைய மடிக்கணினி பிறந்துவிட்டது. டாலி, விண்டோஸில் இயங்குவதற்காக ஆக்கப்பட்டது; ஆகவே ஆப்பிள் மேக்கும் குரோம்புக்கும் விலக்கு. தினந்தோறும் மெட்ரோவில் சுமக்க வேண்டுமாதலால் எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டியிருக்க வேண்டும். கடையில் காட்டியது இரண்டே கால் கிலோவுக்கு மேல். அதன் மின்னேற்றி வேறு ஒரு செங்கல் அளவு. அதிலிருந்த தனி கிராஃபிக்ஸ் சில்லு, மின்கலத்தை விரைவில் தீர்ப்பதைத் தவிர டாலிக்கோ எக்ஸெலுக்கோ ஓர் உதவியும் செய்யாது.

இனி, பலரும் குழம்பும் இரண்டு சொற்களைப் பார்ப்போம். நினைவகம், அதாவது ராம், சமையல் மேடையைப் போன்றது. சேமிப்பகம் பரணைப் போன்றது. மேடை சிறிதானால், பரண் எவ்வளவு பெரிதாயினும் சமையல் தடைப்படும். இன்றைய நிலையில் 8 ஜி.பி. நினைவகத்திற்குக் குறைந்ததைத் தொட வேண்டாம், 16 ஜி.பி. இருந்தால் ஐந்தாண்டுகளுக்குக் கவலையில்லை. சேமிப்பகம் எஸ்.எஸ்.டி.யாகவே இருக்க வேண்டும், 512 ஜி.பி. ஒரு மாணவிக்குத் தாராளம். சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்ட் டிஸ்க்கையே நம்பி இயங்கும் மடிக்கணினியை எவரேனும் மலிவாகக் கொடுத்தாலும் கொள்ளற்க.

2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறிற்று. செயற்கை நுண்ணறிவுக்கான கணினி மையங்கள் அவற்றை வாங்கிக் குவித்ததே முக்கியக் காரணம். ஆகவே, இப்போது 8 ஜி.பி. வாங்கிப் பின்னர் கூட்டிக்கொள்ளலாமா என்பது நியாயமான கேள்வி. கூட்டிக்கொள்ள இடம் இருந்தால் கூட்டலாம். பல மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகத்தைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு எந்நாளும் கூட்ட முடியாது. இதைக் கடையிலேயே சோதிக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் மெமரியைத் தொட்டால், எத்தனை செருகிடங்களில் எத்தனை நிரம்பியுள்ளன என்று காட்டும். விளம்பரத்தாளையும் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. நாம் இதைச் செய்தபோது விற்பனையாளர் நம்மைச் சற்று மரியாதையுடன் பார்க்கத் தொடங்கினார்!

ப்ராசஸரின் பெயரில்தான் ஏமாற்றம் அதிகம். ஐ5-ஐ விட ஐ7 மேல், 5-ஐ விட 7 மேல் என்று எண்ணுகிறோம். இன்டெலின் ஐ5-1235யூ, ஐ7-1255யூ இரண்டிலும் உள்கருக்கள் பத்தேதான். வேகத்தில் உள்ள வேற்றுமை சிறிது. பெயருக்காகப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது கணக்கர் வீட்டுக்கு அடுக்காது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். முன்னது 2019-இல் வெளியான ஜென் 2 அமைப்பைக் கொண்டது, உள்கரு நான்கு. பின்னது ஜென் 3, உள்கரு ஆறு. 7000 எண்கொண்ட வரிசையில் மூன்றாம் இலக்கமே அமைப்பின் வயதைச் சொல்கிறது. கடையில் இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இரண்டும் ரைசன் 5தான்" என்றே சொன்னார்கள்.

முடிவில் 7530யூ கொண்ட மடிக்கணினி ஒன்றைத் தேர்ந்தோம். 8 ஜி.பி. நினைவகம், ஒரு செருகிடம் காலி, 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.; 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை. விலை ரூ. 49,500. 16 ஜி.பி. உள்ளதையே வாங்க வேண்டுமென்று நாம் முதலில் வாதித்தோம். அதற்கு மேலும் ரூ. 9,000 ஆகும் என்றதும், அந்தப் பெண்ணே "இப்போது வேண்டாம், மாமா, வேலை கிடைத்ததும் நானே போட்டுக்கொள்கிறேன்" என்று தீர்த்துவிட்டாள். அவள் செய்யும் வேலைக்கு அது சரியே என்று நாமும் ஒப்புக்கொண்டோம்.

"பில் வேண்டாமென்றால் மூவாயிரம் குறைக்கிறேன்" என்று கடையில் காதோடு சொன்னார்கள். மறுத்துவிட்டோம். பில் இன்றேல், பழுது வந்தபின் உத்தரவாதம் கோருவது பெருந்தொல்லை. மேலும், வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டு, உத்தரவாதம் எந்நாள் வரை என்று அங்கேயே பார்த்துக்கொண்டோம். அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகத்தில் உள்ள அன்பர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: பழுதுபார்ப்பவர் இல்லத்திற்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? இன்று கான்பூரிலும் நாளை குவஹாட்டியிலும் இருப்பவருக்கு இது சிறு வேற்றுமையன்று.

எல்லோருக்கும் இதே மடிக்கணினி பொருந்தாது. இயந்திரப் பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்கள் வேண்டியிருந்தால், மேற்சொன்ன தனி கிராஃபிக்ஸ் சில்லுக்குக் காரணம் உண்டு. எடையையும் விலையையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பழையது வாங்க நினைப்போர், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது என்பதை மறவாதீர். இன்டெல் ப்ராசஸரானால் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றில் ஏறக்குறைய எதுவும் விண்டோஸ் 11-க்கு முறைப்படி தகுதி பெறாது. ஊரில் உள்ள பாட்டியின் முகத்தைப் பார்த்துப் பேச மட்டும் வேண்டுவோர்க்குக் கைப்பேசியே போதும்.

பழைய 4 ஜி.பி. இயந்திரத்தை என்ன செய்வதென்று அன்பர் கேட்டார். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டின் எளிய வடிவம் ஒன்றை அதில் பதித்துத் தந்தோம். விண்டோஸை விடச் சுமை குறைவாதலால், தட்டுத்தடுமாறியேனும் நடக்கிறது. தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்தோம். இப்போது அன்பரின் தகப்பனார் அதில் நாள்தோறும் ஒரு பக்கம், தம் பிள்ளைப் பருவத்துக் கும்பகோணத்தைப் பற்றித் தட்டச்சு செய்துவருகிறார்.