காதைத் தொட்டால் போதுமா?

திருவான்மியூர் குப்பத்தில் தெருக்கூட்டம் முடிந்து ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். ஒரு வாலிபர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். படகில் போகும் தொழிலாளி. அவர் மனைவி வால்மீகி நகரில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறவர். 'அண்ணே, பையனுக்கு ரெண்டே முக்கா வயசாவுது. பக்கத்துல ஒரு இங்கிலீஷ் ஸ்கூல்ல ப்ரீ கே.ஜி.ல சேக்கச் சொல்றாங்க. வட்டிக்கு வாங்கித்தான் கட்டணும். இப்பவே சேக்கலாமா, இன்னும் ஒரு வருஷம் பொறுக்கலாமா?' என்று கேட்டார்.

விலைவாசியைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்கிய எனக்கு இதற்கு உடனே பதில் வரவில்லை. 'நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன், உட்கார்ந்து பேசுவோம்' என்றேன். பேசினோம். அந்தப் பேச்சு ஒரு வீட்டோடு முடிகிற பேச்சல்ல என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் தயாரா என்று பார்க்க நம் முன்னோர் ஒரு வழி வைத்திருந்தார்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். எட்டினால் சேர்ப்பு; எட்டாவிட்டால் 'அடுத்த வருஷம் கூட்டி வா'. பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்காத ஊரில் வேறு என்ன செய்வது? என்னையும் இப்படித்தான் சேர்த்தார்கள். கை எட்டவில்லை. வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் என் பாட்டி என் தலையைச் சற்றே சாய்த்துவிட்டாள். விரல் காதில் பட்டது. வாத்தியார் தமக்குத் தோன்றிய ஒரு ஜூன் மாதத் தேதியை எழுதிக்கொண்டார். இன்றுவரை அதுதான் என் பிறந்த நாள்.

அந்த அளவுகோலைக் கேலி செய்ய மாட்டேன். ஆறு வயதுவாக்கில்தான் பிள்ளையின் கை அந்த அளவுக்கு நீளும். உடம்பு வளர்ந்த பிறகு படிப்பு என்ற நியாயம் அதில் இருந்தது. இப்போது அந்த நியாயம்தான் காணாமற் போய்விட்டது. பால்மணம் மாறாத பிள்ளைக்குப் பென்சிலைக் கொடுத்து, கோட்டுக்குள் எழுது என்கிறார்கள். மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இருக்கின்றன. மூன்று வயதில் அவற்றில் ஏறக்குறைய மூன்றுதான் எலும்பாகத் திரண்டிருக்கும்; மற்றவை இன்னும் குருத்து. அந்தக் கையைப் பிடித்து ஒரு பக்கம் முழுக்க எழுத வைத்துவிட்டு, 'உங்கள் பிள்ளை எழுத அடம் பிடிக்கிறான்' என்று தாயிடம் புகார் வேறு!

பின்னே எதைப் பார்ப்பது? ஒன்றுக்கு, இரண்டுக்கு வருவதை முன்கூட்டிச் சொல்கிறானா? சிந்தினாலும் தானே சோறு அள்ளி வாயில் வைக்கிறானா? பசி, வலி, பயம் இவற்றை அந்நியரிடம் வாய்விட்டோ சைகையாலோ சொல்லத் தெரிகிறதா? பெற்றவளல்லாத ஒருத்தியிடம் சில மணி நேரம் இருப்பானா? நாலு பிள்ளைகளின் நடுவே விட்டால் விளையாட்டில் நாட்டம் வருகிறதா? இவ்வளவுதான். அ, ஆ தெரிகிறதா, நூறு வரை எண்ணுகிறானா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. இதில் ஒன்றிரண்டு வராவிட்டால் பிள்ளை மக்கு என்றும் அர்த்தமில்லை. சிலருக்கு இரண்டரையில் வரும், சிலருக்கு மூன்றரையில் வரும். இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். காது கேட்காத பிள்ளையை மந்தம் என்று வைத்து வருஷங்களைப் பாழாக்கிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டக் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு என்பது நடைமுறை. டெல்லியின் 2020ஆம் வருஷக் கல்விக் கொள்கை ஆறு என்கிறது. பின்லாந்தில் பிள்ளைகள் ஏழு வயதில்தான் முதல் வகுப்புக்குப் போகிறார்கள். அந்த நாடு படிப்பில் பின்தங்கிப் போய்விடவில்லை. ஆகவே இரண்டே முக்கால் வயதில் சேர்க்காவிட்டால் ரயில் போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்களிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள். அந்த ரயிலுக்கு டிக்கெட் விற்கிறவர்களும் அவர்களே.

அந்த வாலிபரின் மனைவி இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். 'எல்லாம் சரிங்கண்ணே. நான் காலையில ஆறு மணிக்கு வேலைக்குப் போறேன். அதுவரைக்கும் பிள்ளைய யார் பாக்குறது?'

தோழர்களே, இதுதான் கேள்வி! நம் வீடுகளில் பிள்ளை தயாரா என்று யாரும் கேட்பதில்லை. தாயின் வேலை நேரம்தான் முடிவு செய்கிறது. ஆலைச் சங்கு முடிவு செய்கிறது. நடவுக்குப் போகிறவள் வரப்போரத்து மரத்தில் தூளி கட்டுகிறாள். தூளியை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்த பிள்ளையை எங்கே கட்டுவாள்?

சிறு பிள்ளைகளுக்கான பள்ளியே இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்ற ஊரில் ராபர்ட் ஓவன் பஞ்சாலை நடத்தினார். ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக அங்கே 1816ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி ஒரு பள்ளி திறந்தார். நடக்கத் தெரிந்தால் போதும், சேர்த்துக்கொண்டார்கள். ஆசிரியர்கள் யார் தெரியுமா? எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாத ஒரு கைத்தறி நெசவாளி; பதினேழு வயதான ஓர் ஆலைப் பெண். ஓவன் அவர்களுக்கு இட்ட கட்டளை, பிள்ளைகளை அடிக்கக் கூடாது, கடிந்து பேசக் கூடாது என்பது. பாட்டு, ஆட்டம், பார்க்கிற பொருளைப் பற்றிப் பேச்சு, புத்தகத்தைத் திணிப்பதில்லை. அந்தப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப் போவதே கஷ்டமாக இருந்தது என்று எங்கெல்ஸ் எழுதியிருக்கிறார்.

'கிண்டர்கார்டன்' என்ற பெயரை 1840இல் வைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த பிரபெல். பிள்ளைகளின் தோட்டம் என்று பொருள். பாட்டும் கட்டையும் பந்துமாக இருந்த அந்தத் தோட்டத்தைப் பிரஷ்ய சர்க்கார் 1851இல் தடை செய்தது. நாஸ்திகமும் சோஷலிசமும் பரப்புகிறதாம்! 1860இல்தான் தடை நீங்கியது. மூன்று வயதுப் பிள்ளை கட்டை அடுக்கி விளையாடுவதைக் கண்டும் ராஜாங்கம் நடுங்கியிருக்கிறது, பாருங்கள்.

1907இல் ரோமாபுரியில் சான் லோரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பேட்டையில் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் பிள்ளை வீட்டைத் திறந்தார். தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் மாடிப்படியையும் சுவரையும் பாழாக்குகின்றன என்பதுதான் கட்டிடக்காரர்கள் அதற்கு இடம் கொடுத்த காரணம். பிள்ளைமேல் கரிசனம் அல்ல, சுவர்மேல் கரிசனம்! அந்த அம்மையார் 1939இல் இதோ இந்த அடையாற்றுக்கே வந்து, கீற்றுக் கொட்டகையில் முந்நூறு பேருக்குப் பயிற்சி கொடுத்தார். யுத்தம் வந்ததால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. குப்பத்திலிருந்து அந்த இடம் நடக்கும் தூரம்தான். ஆனால் தொழிலாளர் பேட்டையில் பிறந்த அந்தப் பெயர் இன்று பலகையில் தொங்கும் பள்ளிகளில் கட்டணம் கேட்டால் குப்பத்துக்காரருக்குத் தலை சுற்றும்.

நம்மிடம் என்ன இருக்கிறது? பால்வாடி இருக்கிறது. அங்கன் என்றால் முற்றம். பம்பாய் ராஜ்யத்தில் தாராபாய் மோடக் என்ற அம்மையார் ஆதிவாசிப் பிள்ளைகள் பள்ளிக்கு வராததைப் பார்த்து, பள்ளியையே அவர்கள் முற்றத்துக்கும் மாடு மேய்க்கும் புல்வெளிக்கும் தூக்கிப் போனார். அந்த வழியில் வந்த பெயர்தான் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2ஆம் தேதி நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம், இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கு மேற்பட்ட மையங்களாக நிற்கிறது. இரண்டு வயது முடிந்த பிள்ளை போகலாம். சோறும் முட்டையும் உண்டு. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று ஒரு பாடத்திட்டமும் உண்டு. பெயரே சொல்கிறது, அது எழுதச் சொல்லும் திட்டமல்ல. காசு கட்டிச் சேர்க்கும் ப்ரீ கே.ஜி.யை விட அந்த வயதுக்கு அதுவே பொருத்தமானது என்று நான் அந்தத் தம்பதியிடம் சொன்னேன். எல்.கே.ஜி. வயது வரும்போது தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு மனுப் போடுவதை நான் தடுக்கவில்லை. அரசுப் பள்ளியிலும் எல்.கே.ஜி. உண்டு. 2019இல் 2,381 மையங்களில் தொடங்கினார்கள். 2022இல் மூடப்போவதாகச் சொன்னார்கள். ஜனங்கள் எதிர்த்ததும் நடத்துகிறோம் என்றார்கள்.

பால்வாடியில் குறையே இல்லையா? இருக்கிறது. ஒரே அறை, ஓட்டைக் கூரை, ஒரு டீச்சர் தலையில் எடை போடுவது முதல் செல்போனில் கணக்கேற்றுவது வரை. முழு நேரமும் உழைக்கும் அந்தப் பெண்களை ஊழியர் என்று சொல்லாமல் 'மதிப்பூதியம்' என்று ஒரு தொகையைக் கொடுக்கிறார்கள். பணிக்கொடை அவர்களுக்கும் உண்டு என்று 2022இல் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் பெரிய குறை நேரம். நாலு மணிக்கெல்லாம் பூட்டிவிடுகிறார்கள். பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் எழுதியது. வீட்டு வேலை செய்கிறவளுக்கும் நடவு நடுகிறவளுக்கும் எந்த ஆலை, எந்தக் காப்பகம்?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த வீட்டில் மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள். ஆறாம் வகுப்பு. பேச்சு முடியும்வரை தம்பியை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. வாரத்தில் எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகிறாய் என்று கேட்டேன். அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் தரையைப் பார்த்தார். நாம் இவ்வளவு நேரமும் தம்பி எப்போது பள்ளிக்கூடம் போவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அவன் போகாத ஒவ்வொரு நாளும் அவள் போகாத நாள். ஊருக்கு ஊர் வயற்காட்டிலும் இதே கதைதான். சின்னவனைப் பால்வாடியில் விடுவது பெரியவளின் பெயரைப் பள்ளிப் பதிவேட்டில் காப்பாற்றுகிற காரியம்.

பையன் புது இடத்தில் அழுவானே என்றார் தாய். முதல் வாரம் யாராவது கூட உட்கார வேண்டும், மெல்ல நேரத்தைக் கூட்ட வேண்டும் என்றேன். 'ஒரு வாரம் லீவு போட்டா வீட்டம்மா வேற ஆளு பாத்துருவாங்க' என்றார். உண்மை. நான் அந்த வாலிபரைப் பார்த்தேன். படகு கரைக்கு வந்து மீன் இறக்கிய பிறகு பகலில் வலை பின்னுகிறவர். 'நீங்கள் உட்காரலாமே? வலையை அங்கேயே கொண்டு போங்கள்' என்றேன். 'பொம்பளைங்க நடுவுல நான் எப்படிண்ணே' என்று சிரித்தார். சிரிப்பு அடங்கும்வரை நானும் சும்மா இருந்தேன். கடைசியில் திங்கட்கிழமை போகிறேன் என்றார். போனார் என்று கேள்வி.

மையத்தை மாலையிலும் திறந்துவைக்க வேண்டும், அதற்கு இன்னொரு ஊழியரைச் சம்பளத்தோடு போட வேண்டும் என்று குப்பத்துப் பெண்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறோம். மனுவில் 'மாலை 6 மணி வரை' என்று எழுதியிருந்தேன். முதல் கையெழுத்துக்குப் பேனாவை வாங்கிய அந்தத் தாய் எழுதாமல் நிமிர்ந்தார். 'அண்ணே, எனக்குக் கடைசி வீடு முடிய ஆறாயிடும். நடந்து வரணும்ல?' என்றார். அடித்துவிட்டு ஆறரை என்று திருத்தினேன்.